லிஃப்ட்ல ரெண்டு பேரு, டவுன் பஸ்ல எண்பது பேரு

கேள்வி கேட்டவர் – 6 ஜூலை, காலை 8.50

தினமும் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து அஸ்தம்பட்டி வரைக்கும் டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே போறேன். முன்னாடி ஒருத்தர் முதுகு, பின்னாடி ஒருத்தர் டிபன் பாக்ஸ், அக்குளுக்கு அடியில யாரோ தலை. ஒண்ணும் தோணாது, காதுல பாட்டு ஓடும், எறங்கிடுவேன். ஆனா ஆபீஸ் லிஃப்ட்ல நானும் மேனேஜரும் மட்டும் ஏறுனா மூணு மாடி போறதுக்குள்ள மூச்சு முட்டுது. அந்த லிஃப்ட்ல பத்து பேர் நிக்கலாம். எனக்குத்தான் ஏதாச்சும் கோளாறா, இல்ல எல்லாருக்கும் இப்படியா?

6 ஜூலை, ராத்திரி 10.15

கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல. நான் சிவதாபுரத்துல கொலுசுப் பட்டறை வெச்சிருக்கேன், படிப்பு பன்னெண்டாவதோட சரி, ஆனா இந்த ஒரு விஷயத்த மட்டும் ரெண்டு வருசமா ஃபோன்ல தேடித் தேடிப் படிச்சிட்டிருக்கேன். அதுக்கு ஒரு காரணம் இருக்குது, அப்புறம் சொல்றேன்.

தோல் எங்க முடியுதோ அங்க நம்ம உடம்பும் முடிஞ்சிடுதுன்னு நாம நெனைக்கிறோம், மூளை அப்படி நெனைக்கல. 1981ல இத்தாலியில பார்மா ஊர்ல ரிட்சொலாட்டின்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரோட ஆளுங்களும் குரங்கு மூளைய ஆராஞ்சு எழுதுனாங்க. சில செல்லுங்க குரங்கோட மூஞ்சியையோ கையையோ தொட்டா துடிக்குது. தொட்டா துடிக்கறதுல அதிசயம் ஒண்ணுமில்ல. அதே செல்லு, தொடாமயே, மூஞ்சிக்குப் பக்கத்துல ஒரு பொருளக் கொண்டாந்தாலும் துடிக்குது, அதே பொருள தூரத்துல காட்டுனா கம்முனு இருக்குது. அதாவது தோலுக்கு வெளியவும் கொஞ்ச தூரத்துக்கு இது நம்ம ஏரியான்னு மூளை வேலி போட்டு வெச்சிருக்குது. கல்லு நட்டு கம்பி கட்டுன வேலி இல்ல, நகரும். ஆளப் பாத்து நகரும்.

மேனேஜர் ஏறுனதும் உங்க வேலி நகந்திருக்குது, அவ்வளவுதான்.

7 ஜூலை, மத்தியானம்

நேத்து எழுதுனதுல ஒரு தப்பு. கீழ ஒருத்தர் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல 45 செ.மீ.னு கணக்கு போட்டிருக்காரு, அதப் பாத்ததும்தான் நான் ரெண்டு சமாச்சாரத்தப் போட்டு கொழப்பிட்டேன்னு தெரிஞ்சுது.

ஒண்ணு நான் சொன்ன குரங்கு விஷயம், கைக்கு எட்டற தூரத்துல தொடுறதையும் பாக்கறதையும் மூளை ஒண்ணா முடிச்சுப் போடறது. இன்னொண்ணு, இதுக்கு மேல கிட்ட வராதன்னு மனசு சொல்ற தூரம். ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஆனா ஒரே ஆளு இல்ல. அந்த 45 செ.மீ. ரெண்டாவதுக்கு. எட்வர்ட் ஹால்னு ஒரு அமெரிக்கர் 1966ல எழுதுன கணக்கு: 45 செ.மீ. வரைக்கும் ரொம்ப நெருக்கமானவங்க, 1.2 மீட்டர் வரைக்கும் பழகுனவங்க, 3.6 மீட்டர் வரைக்கும் வேலை விஷயமா பேசறவங்க, அதுக்கு மேல மேடைப் பேச்சு. அவரு பாத்ததெல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவோட வடகிழக்குக் கரைப் பக்கத்து நடுத்தர வர்க்கத்து ஆளுங்கள, அதையும் அவரே சொல்லித்தான் எழுதிருக்காரு. நம்மூரு ரேஷன் கடை வரிசைல முன்னாடி ஆளுக்கும் உங்களுக்கும் நடுவுல 45 செ.மீ. விட்டுப் பாருங்க. அந்த 45 செ.மீ.ல ஒரு அம்மா பையோட வந்து நிப்பாங்க, கேட்டா நீங்க வரிசைல இல்லன்னு நெனச்சேன்பாங்க.

ஹால் சொன்னதுல உங்க கேள்விக்கு நேரா பதில் ஒண்ணு இருக்குது. நெரிசல்ல மாட்டுனா மனுசன் உடம்ப வெறைப்பா வெச்சுக்குவான், பார்வைய எங்கயோ தூரத்துல நிறுத்திக்குவான். நீங்க பாட்டு கேக்கறது அதுதான். பஸ்ல உங்க முன்னாடி நிக்கறது உங்களுக்கு ஆளு இல்ல, அரிசி மூட்டை. மேனேஜர மூட்டையா நெனைக்க முடியாதுல்ல.

7 ஜூலை, அதே நாள் சாயங்காலம்

சில மேனேஜர நெனைக்கலாம்.

12 ஜூலை

இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். மேல எழுதுனதெல்லாம் வீட்டுல சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்டுனேன், பெருமையாத்தான். அரிசி மூட்டைன்னு வந்த எடத்துல நானே சிரிச்சேன், அவ சிரிக்கல. "ஏங்க, அந்த ஆளு பஸ்ல ஒண்ணும் தோணாதுங்கறாரு, நீங்களும் ஆமாங்கறீங்க. எந்தப் பொம்பளையாச்சும் அப்படி எழுதிருக்காளா பாருங்க"ன்னா. பாத்தேன். அன்னைக்கு வரைக்கும் நாப்பது பதில் வந்திருந்துச்சு, எழுதுனவங்க எல்லாரும் ஆம்பளைங்கதான்னு தோணுது, பேர வெச்சு எத்தன தூரம் சொல்ல முடியும்னு தெரியல.

அவ காலேஜ் போனப்ப ஹேண்ட்பேக்க தோள்ல மாட்ட மாட்டாளாம், நெஞ்சுக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவாளாம். பையோட வார்ல ஒரு ஊக்கு குத்தியிருக்கும், ஊக்கோட மூடி தெறந்தேதான் இருக்கும். பின்னாடி நிக்கறது ஆணா பொண்ணா, ஸ்கூல் பையனா கெழவனா, கை கம்பியில இருக்குதா இல்லையா, எல்லாத்தையும் திரும்பிப் பாக்காமயே தெரிஞ்சு வெச்சிருப்பாளாம். முதுகுல கண்ணு. நான் அதே பஸ்ல அதே வருசங்கள்ல போயிருக்கேன், கதவுல தொங்கிக்கிட்டு.

அதனால பஸ் நெரிசல் யாருக்கும் ஒண்ணும் பண்ணாதுன்னு நான் எழுதுன மாதிரி இருந்தா அத அடிச்சிடுங்க. ஒரே பஸ்ல எனக்கு வேலி படுத்துடுது, அவளுக்கு ரெண்டு மடங்கா எந்திரிச்சு நிக்குது.

13 ஜூலை

ஊக்கு விஷயத்துக்கு நெறைய பேர் எழுதிட்டாங்க, பொம்பளைங்களும் எழுதிருக்காங்க. அந்தக் கதைய அங்கயே படிச்சுக்கோங்க, நான் நடுவுல பேசல.

ஒரு தகவல் மட்டும். மூளைல அமிக்டலான்னு பாதாம் பருப்பு அளவுக்கு ஒரு எடம், பயத்துக்கும் உசாருக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டு. நோயால அது ரெண்டு பக்கமும் கெட்டுப்போன ஒரு அம்மாவ அமெரிக்காவுல ஆராஞ்சு 2009ல எழுதுனாங்க. எதிர்ல ஒரு ஆள நிறுத்தி, உங்களுக்கு சங்கடமில்லாத தூரம் வரைக்கும் நடந்து போய் நில்லுங்கன்னா, மத்தவங்க சராசரியா 76 செ.மீ.ல நின்னாங்க, அந்தம்மா 34 செ.மீ.ல போய் நின்னாங்க. மூஞ்சிக்கு மூஞ்சி ஒட்டி நின்னாலும் அவங்களுக்கு ஒண்ணும் தோணலையாம். ஆனா மத்தவங்களுக்கு எடைவெளி வேணும்ங்கறது மட்டும் அவங்களுக்குத் தெரியும், புரியுது, உறைக்கல.

21 ஜூலை, ராத்திரி 11 மணி. நீளமா இருக்கும்

காரணத்த அப்புறம் சொல்றேன்னு சொன்னேன்ல.

பட்டறைல நானும் என் மச்சானும், சம்சாரத்தோட தம்பி, பதினோரு வருசமா ஒரே பலகைல வேலை பாத்தோம். பலகை அஞ்சரை அடி. கீழ சாக்கு விரிச்சு சம்மணம் போட்டு பக்கத்துல பக்கத்துல ஒக்காருவோம். கடைக்காரர் வெள்ளிய எடை போட்டுக் குடுப்பாரு, நாங்க கம்பியா இழுத்து, கண்ணி கோத்து, பொடி வெச்சு ஊதி பத்த வெச்சு, சலங்கை கோத்து, எடைக்கு எடை திருப்பிக் குடுக்கணும், கூலி தனி. கண்ணி பத்த வைக்கற வேலை எப்படின்னா இடது கையில இடுக்கி, வலது கையில ஊதுகுழல், ஊதுகுழல் நெருப்ப ஊசி மாதிரி கூராக்கி கண்ணியோட வாயில காட்டணும், ஒரு செகண்ட் அதிகமானா கண்ணியே உருகி ஓடிடும். பக்கத்து ஆளு முழங்கை இம்மி பட்டாலும் வேலை கெட்டுச்சு. பதினோரு வருசத்துல அவன் முழங்கை என் மேல பட்டதா எனக்கு ஞாபகமே இல்ல. அவன் சாயறப்ப நான் சாஞ்சிருப்பேன், நான் குனியறப்ப அவன் நிமிந்திருப்பான், பாக்காமயே. என் இடுக்கி அவன் பக்கம் கெடக்கும், அவன் அரம் என் மடியில கெடக்கும், யாரும் யாரையும் கேட்டு எடுத்ததில்ல.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கணக்குல நாப்பது கிராம் இடிச்சுது. வெள்ளியில நாப்பது கிராம்ங்கறது பெரிய காசு இல்ல, ஆனா கடைக்காரர்கிட்ட பேரு போகும். பட்டறைல கூட்டற மண்ணக்கூட நாங்க தூக்கிப் போடறதில்ல, அதுல இருக்கற வெள்ளிக்காக அத வாங்கிட்டுப் போகவே ஆளு வருவாங்க, அப்படி இருக்கறப்ப நாப்பது கிராம் எங்க போகும்? அவன் என்னைக் கேக்கல, நான் அவனக் கேக்கல. கேட்டிருந்தா சண்டை வந்து முடிஞ்சிருக்கும். நான் கைக்காசு போட்டுக் கட்டிட்டு வந்து மறுநாள் பலகைல ஒக்காந்தேன்.

அன்னைக்கே முழங்கை இடிச்சுது. மத்தியானத்துக்குள்ள மூணு தடவ. "மாமா, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க"ன்னான், பதினோரு வருசத்துல மொத தடவ. நான் பதில் பேசாம டேப்ப எடுத்து பலகைய அளந்தேன். அஞ்சரை அடி. அவன் பாத்துக்கிட்டே இருந்தான். டேப்பு சர்ருனு உள்ள போற சத்தம் மட்டும் கேட்டுச்சு. நான் அளந்தது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்ப யோசிச்சா கூசுது. ஒரு மாசத்துல அவன் பள்ளப்பட்டிப் பக்கம் வேற பட்டறைக்குப் போயிட்டான்.

அதுக்கப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். பலகை சுருங்காது. அப்ப எது சுருங்குச்சு?

22 ஜூலை

தூக்கமில்ல. எது சுருங்குச்சுங்கறதுக்கு நான் கண்டுபுடிச்ச பதில்.

2013ல இத்தாலியில ஒரு சோதனை வெளியாச்சு, செரினோன்னு ஒருத்தர் அந்தக் குழுவுல முக்கியமானவரு. உடம்புல லேசா ஒரு தட்டு தட்டுவாங்க, உணர்ந்ததும் சொல்லணும். அதே நேரத்துல ஒரு சத்தம் கிட்ட வந்துக்கிட்டே இருக்கும். சத்தம் தூரத்துல இருக்கறப்ப பதில் மெதுவா வருது, ஒரு குறிப்பிட்ட கிட்டத்துக்கு வந்ததும் பதில் டக்குனு வேகமாயிடுது. அந்த எடந்தான் வேலி. இப்ப எதிர்ல ஒரு துணிக்கடை பொம்மைய நிறுத்தி அளந்தாங்க, அப்புறம் பொம்மைக்குப் பதிலா நெச ஆள நிறுத்தி அளந்தாங்க. நெச ஆளு நின்னா வேலி உள்ள சுருங்குது. லிஃப்ட் கேள்வி கேட்ட தம்பி, உங்களுக்கு சோதனைக்கூடத்துல இருந்தே பதில் வந்தாச்சு.

அடுத்ததுதான் என்னைய ஒக்கார வெச்சுடுச்சு. அந்த ரெண்டு பேரையும் காசு பங்கு போடற மாதிரி ஒரு ஆட்டம் ஆட விட்டாங்க. எதிராளி நியாயமா, ஒத்து ஆடுனா, ஆட்டம் முடிஞ்சு அளக்கறப்ப வேலி விரிஞ்சு எதிராளி நிக்கற எடத்தையும் சேத்துக்குது, எனக்கும் அவனுக்கும் நடுவுல கோடே இல்லாத மாதிரி. எதிராளி நியாயமில்லாம ஆடுனா அப்படி நடக்கல.

காசு, பங்கு, நியாயம். நாப்பது கிராம்.

22 ஜூலை, காலைல

ராத்திரி எழுதுனதுல கொஞ்சம் சினிமா ஏறிடுச்சு. ஒரு சோதனைல சில பேர வெச்சு ஒரு சாயங்காலத்துல அளந்தத எடுத்து பதினோரு வருசத்து மேல நேரா ஒட்டிட முடியாது. ஆனா எடுத்தும் போடல, இருக்கட்டும்.

24 ஜூலை

ஒருத்தர் கேட்டாரு, ஊதுகுழல் இடுக்கியெல்லாம் இதுல சேருமான்னு. சேரும். 1996ல ஜப்பான்ல இரிக்கின்னு ஒருத்தர், குரங்குக்கு சின்ன வாரி ஒண்ணக் குடுத்து தூரத்துல இருக்கற தீனிய இழுக்கப் பழக்குனாரு. பழகுனதும் மூளைல அந்த மாதிரி செல்லுங்க வாரியோட நுனி வரைக்கும் கை மாதிரியே துடிச்சுதுங்க. சும்மா கையில புடிச்சிருந்தா இல்ல, அத வெச்சு வேலை செஞ்சாத்தான். லாரி ஓட்டறவங்களக் கேட்டுப் பாருங்க, சங்ககிரிப் பக்கம் போனா வீட்டுக்கு ஒரு ஆளு கெடைப்பாரு, சந்துல ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்பக்கம் சுவத்துல ஒரசப் போகுதுன்னா அவருக்கு தோள்ல கூசும்.

28 ஜூலை

மலைக் கதை ஒண்ணு, இத மச்சான் விஷயத்தோட சேக்க வேணாம்னு பாத்தேன், அவனே வந்துட்டான்.

அஞ்சாறு வருசம் இருக்கும். ஏற்காட்டுல ஒரு கல்யாண வீட்டுக்கு கொலுசு குடுக்கணும், நான் மட்டும் பைக்ல போறேன். அடிவாரம் தாண்டி மொத்தம் இருவது கொண்டை ஊசி வளைவு, ஒம்பதாவதுல கிளட்ச் ஒயர் அறுந்துடுச்சு. முகூர்த்தத்துக்கு முன்னாடி குடுக்கணும், எறங்க மனசில்ல, தள்ள ஆரம்பிச்சேன். எதிர்ல ரோடு செவுரு மாதிரி நின்னுச்சு, சத்தியமா சொல்றேன், அந்த ரோட்டுல நூறு தடவ போயிருக்கேன், அப்படி நிமிந்து பாத்ததேயில்ல. ஃபோன் பண்ணுனேன், முக்கால் மணி நேரத்துல மச்சான் வந்தான். வர்றப்பவே பழைய ஒயர் ஒண்ணு எடுத்துட்டு வந்தான், சேரல. கொலுசுப் பைய அவன் வண்டியில மாட்டிட்டு, ரெண்டு பேருமா என் வண்டிய அடுத்த வளைவுல இருந்த நெழல் வரைக்கும் தள்ளுனோம், பேசிக்கிட்டே. அங்க போய்த் திரும்பிப் பாத்தா அந்த ஏத்தம் சப்புனு இருந்துச்சு.

இதுக்கும் ஆராய்ச்சி இருக்குது. 1999ல பல்லா, ப்ராஃபிட்னு ரெண்டு பேரு, முதுகுல கனமான பை மாட்டுனா மேடு இன்னும் செங்குத்தா தெரியுதுன்னு எழுதுனாங்க. 2008ல ப்ராஃபிட்டோட ஷ்னால்னு ஒருத்தரும் சேந்து, பக்கத்துல சிநேகிதன் நின்னா மேடு கொறைவா தெரியுதுன்னு எழுதுனாங்க.

29 ஜூலை

ஒரு ஆளு நல்லா குட்டிருக்காரு, வாங்கிக்கறேன். 2009ல டர்ஜின்ங்கறவரு அந்தப் பை சோதனைய வேற மாதிரி பண்ணிப் பாத்திருக்காரு. மேட்டக் காட்டி பையவும் மாட்டுனா, எதுக்கு மாட்டறாங்கன்னு வர்றவங்க ஊகிச்சு, அவங்க எதிர்பாக்கற பதிலையே சொல்றாங்களோன்னு சந்தேகம். அதனால பையில ஏதோ அளக்கற கருவி இருக்குதுன்னு ஒரு சாக்கு சொல்லி மாட்டுனாரு. மேடு இன்னும் செங்குத்தா தெரியல, வழக்கம் போலத்தான் தெரிஞ்சுது. அப்ப கண்ணு மாறுச்சா, வாய் மாறுச்சாங்கற சண்டை இன்னும் தீரலைங்கறாரு. எனக்கும் அந்த மேடு அப்ப அப்படித் தெரிஞ்சுதா, இல்ல இப்ப அவன நெனச்சுக்கிட்டு எழுதறப்ப அப்படி ஆயிடுச்சா?

3 ஆகஸ்ட்

மூளை, குரங்குன்னே பேசிட்டிருக்கோம், எங்க தாத்தா வீட்டு வாசல்ல போட்டிருந்த வேலி மூளைக்குள்ள இருந்தது இல்ல. தோட்டத்துல வேலை பாத்த ஒருத்தர் கூலி வாங்க வருவாரு. களத்து மேட்டுல ஒரு வேப்பமரம், அதுதான் அவரு எல்லை, அங்க இருந்துதான் கூப்பிடுவாரு. எங்கப்பத்தா கூலிய கையில குடுக்க மாட்டாங்க, திண்ணை ஓரத்துல வெச்சுட்டு உள்ள போவாங்க, அப்புறம் அவரு வந்து எடுப்பாரு. தீண்டாமை சட்டப்படி செல்லாதுன்னு அரசியல் சட்டம் சொல்லி அப்பவே முப்பது வருசத்துக்கு மேல ஆயிடுச்சு. சின்னப் பையன் நான், எனக்கு அது வெளையாட்டு மாதிரி இருந்துச்சு.

அவரு பேரன் இப்ப பேங்க்ல வேலை பாக்கறாரு, போன வருசம் பட்டறைக்கு கொலுசு எடுக்க வந்தாரு. உள்ள வந்து பலகை பக்கத்துல ஒக்காருங்கன்னேன். ஒக்காந்தாரு, சகஜமாத்தான் பேசுனாரு. நான்தான் என்னையறியாம ஒரு சாண் பின்னாடி நகந்திருக்கேன். அவரு பாத்தாரா தெரியல. பாக்காம இருந்திருக்க மாட்டாரு.

இதுக்கு விளக்கமெல்லாம் எழுத வரல எனக்கு.

9 ஆகஸ்ட்

ஆடிக்கு கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். உள்ள அரைச்சு எடுத்துட்டாங்க, காலு தரையில இருந்துச்சான்னே சந்தேகம். யாரும் மொகம் சுளிக்கல, ஒரு அம்மா என் தோள்ல கைய ஊனிக்கிட்டுதான் தீபாராதனை பாத்தாங்க. அப்ப போலீஸ் மைக்ல "நகைகள பத்திரமா பாத்துக்கோங்க"ன்னு அறிவிச்சாங்க பாருங்க. அந்த ஒரு வார்த்தைல கூட்டம் மொத்தமும் மாறிடுச்சு. எல்லாப் பொம்பளைங்க கையும் கழுத்துக்குப் போச்சு, எல்லா முழங்கையும் வெளிய நீட்டிக்கிச்சு, என் தோள்ல இருந்த கை பட்டுனு எடுத்துக்கிச்சு. அதே கூட்டம், ஒரு ஆள் கூடவும் இல்ல கொறையவும் இல்ல.

ஏற்காடு உச்சியில சேர்வராயன் கோயில் குகை தெரியும்ல, கூரை தலைல இடிக்கும், குனிஞ்சேதான் போகணும், அங்கயும் இதே மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னிருக்கேன், ஆனா அங்க மைக் இல்ல.

18 ஆகஸ்ட்

21 ஜூலைல எழுதுனதத் திருத்தணும். பெரிய திருத்தம்.

பட்டறைய வெள்ளை அடிக்கறதுக்காக எல்லாத்தையும் வெளிய எடுத்தோம். கேஸ் சிலிண்டர நகத்துனப்ப சம்சாரம் சொன்னா, "இது முன்னாடி ஜன்னலுக்கு வெளியதான இருந்துச்சு." ஆமா. முன்னெல்லாம் சிலிண்டர் வெளிய, ட்யூப் மட்டும் ஜன்னல் வழியா உள்ள வரும். இப்ப உள்ள இருக்குது, பலகையோட அந்தக் கோடில. எப்ப வந்துச்சுன்னு யோசிச்சேன். நாப்பது கிராம் இடிச்ச அதே வாரம். பலகை அஞ்சரை அடிதான், நான் அளந்தது சரிதான், ஆனா அவன் பக்கத்துல ஒரு அடிக்கு மேல சிலிண்டர் அடைச்சிருக்குது, அவன் என் பக்கம் சாஞ்சுதான் ஒக்காந்தாகணும். முழங்கை இடிக்காம என்ன பண்ணும்! மூளையும் இல்ல, இத்தாலியும் இல்ல, சிலிண்டர்.

சந்தோசமாத்தான் இருந்துச்சு, ஒரு நிமிசம். "யாரு உள்ள கொண்டாந்து வெச்சது?"ன்னு கேட்டேன்.

"நீங்கதான். வெளிய இருந்தா களவு போயிடும்னு சொல்லி நீங்கதான் தூக்கிட்டு வந்து வெச்சீங்க."

என் பக்கமும் எடம் இருந்துச்சு.

25 ஆகஸ்ட்

லிஃப்ட் தம்பி எழுதிருக்காரு, மேனேஜரும் இவரும் ஒரே ஆள் மேல கடுப்பா இருக்கறது தெரிஞ்சதுல இருந்து லிஃப்ட் பரவாயில்லையாம். நல்லது.

பட்டறைல சிலிண்டர வெளிய வெச்சாச்சு, சங்கிலி போட்டு பூட்டு. மச்சானுக்கு நான் ஃபோன் பண்ணல, அக்காவப் பாக்கத்தான் வந்தான். டீ குடிச்சுக்கிட்டே பட்டறைப் பக்கம் வந்து நின்னான், நான் ஒரு ஜோடி அவசர வேலைல இருந்தேன், தலை தூக்கல. கொஞ்ச நேரத்துல பாத்தா பக்கத்துல சாக்குல ஒக்காந்திருக்கான், ஜன்னல் பக்கம் ஒரு தடவ பாத்தான், ஒண்ணும் சொல்லல. சலங்கை கோக்கறதுக்கு இடுக்கியத் தேடுனேன், காணோம். அவன் கையில இருந்துச்சு.